தொழில் தெரிந்த புத்தகங்களும் தெரியாத புத்தகங்களும்

இக்குறிப்புகளை எழுதுவதற்கு எனக்குள்ள ஒரே தகுதி, இங்கே பேசப்படும் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கியோ நூலகத்தில் இரவல் பெற்றோ வாசித்திருக்கிறேன் என்பதுதான். நான் இலக்கியம் கற்பிப்பவன் அல்லன். நூல் வெளியீட்டு விழாக்களில் பின்வரிசையில் அமர்ந்து, ஏற்புரைக்கு முன்னரே எழுந்து விடுகிறவன். மட்டக்களப்பு நகரை அடுத்த எழுவான்கரைக் கிராமம் ஒன்றில் வீடும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் குடும்பத்துக்குரிய கொஞ்ச வயலும் இருப்பதால், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதில் வரும் மனிதர்கள் என்ன வேலை செய்து சீவிக்கிறார்கள், அந்த வேலை எழுதியவருக்கு உண்மையில் தெரியுமா என்று பார்க்கும் பழக்கம் எனக்குள் ஊறிவிட்டது. காதலையும் மரணத்தையும் பற்றி எவரும் எதையும் எழுதலாம், பொய்யென்று நிறுவ முடியாது. ஆனால் வலை வீசுவதையும் நெல் தூற்றுவதையும் தப்பாக எழுதினால் இரண்டாம் பக்கத்திலேயே பிடிபட்டு விடும். அண்மைக் காலத்தில் வாசித்த, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில புத்தகங்களை அந்த அளவுகோலால் அளந்ததே இம்மதிப்புரை.

முதலில் கடலிலிருந்து தொடங்குவது வசதி. ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' 1952 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த குறுநாவல். தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. 84 நாட்களாக மீன் படாத ஒரு கிழவன் தனியே தோணியில் சென்று, தன் தோணியைவிட நீளமான மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்து, கரைக்குக் கொண்டுவரும் வழியில் அதைச் சுறாக்களுக்குப் பறிகொடுக்கிறான் என்ற கதையை எல்லோரும் அறிவார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது, அவன் தூண்டில்களை இறக்கும் இடம். ஓர் இரை 40 பாகத்தில் (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்), இரண்டாவது 75 பாகத்தில், மற்ற இரண்டும் 100, 125 பாகத்தில் என்று கணக்காகச் சொல்லி, நீரோட்டம் எப்படி இழுத்தாலும் தன் தூண்டில் கயிறுகள் மற்றவர்களுடையதைவிட நேராக நிற்கும் என்று கிழவன் பெருமைப்படுகிறான். எங்கள் கடற்கரையிலும் ஆழத்தைப் பாகத்தில்தான் அளக்கிறார்கள் என்பதால் இந்த இடத்தை வாசித்தபோது கிழவனின் கியூபா நாடு எங்கள் கரையிலுள்ள பாலமீன்மடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது.

கடற்றொழில் செய்யும் என் மச்சான் ஒருவரை ஒரு மாலையில் இருத்தி வைத்து இப்பகுதியை வாசித்துக் காட்டினேன். அவர் கயிற்றுக் கணக்கை ஒப்புக்கொண்டார், கிழவனை ஒப்புக்கொள்ளவில்லை. "அவ்வளவு பெரிய மீனத் தனிய வெச்சி இழுக்கிறதெண்டா அது கெட்டித்தனமில்ல மச்சான், கிறுக்கு. கயித்த வெட்டிப்போட்டு ஊட்டுக்கு வாறதுதான் தொழில் தெரிஞ்சவன்ட வேல" என்றார். இந்த நாவலைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகளில் கிழவனின் விடாப்பிடியைப் புகழாதவை குறைவு. என் மச்சானின் கருத்தும் நாவலுக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பின்னர்தான் கவனித்தேன்: தான் அளவுக்கு மீறித் தொலைவுக்குப் போய்விட்டதாகக் கிழவனே கடைசியில் ஒத்துக்கொள்கிறான். மெல்லிய புத்தகம், ஒரே இருப்பில் முடித்து விடலாம். வாங்கும்போது முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டி, தமிழ் தடங்கலின்றி ஓடுகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

அக்கரைப்பற்றுக்காரரான விமல் குழந்தைவேல் நெடுங்காலமாக லண்டனில் வாழ்கிறவர். அவருடைய 'வெள்ளாவி', 'கசகறணம்' ஆகிய இரு நாவல்களையும் நான் அடுத்தடுத்து வாசித்தேன். இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதிப் பேச்சை எழுத்தில் இவ்வளவு துணிவாக இறக்கி வைத்த நாவல்கள் மிகக் குறைவு. 'வெள்ளாவி' சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கையைச் சொல்வது. ஊரில் பிறப்பு, சாமத்தியம், கலியாணம், சாவு எதுவும் இவர்கள் வந்து வெள்ளை கட்டாமலும் மாற்றுத் துணி கொடுக்காமலும் நடந்ததில்லை. அதே ஊர் இவர்களைத் தன் வீட்டுக் குந்தில்கூடச் சரிசமனாக இருக்க விட்டதுமில்லை. இந்த முரணை விளக்கி ஆசிரியர் சொற்பொழிவாற்றுவதில்லை. அழுக்கு மூட்டை வீடு வீடாக எடுக்கப்படுகிறது, உவரில் ஊறுகிறது, ஆவியில் வேகிறது, கல்லில் அடிபடுகிறது, கொடியில் காய்கிறது. அந்த மூட்டைகளோடு ஊரின் இரகசியங்களும் அவர்கள் கைக்கு வந்து சேர்கின்றன. ஒரு வீட்டின் துணியைத் துவைக்கிறவருக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரியாதது என்ன இருக்க முடியும்? அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டும் எதுவும் சொல்ல முடியாதவர்களாக அவர்கள் நிற்கும் நிலைதான் இந்நாவலின் பலம் என்று நான் கருதுகிறேன்.

குறையும் உண்டு. துயரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால், பிற்பகுதியில் ஒரு பாத்திரம் சிரித்தாலே அடுத்து அவருக்கு என்ன நேரப்போகிறதோ என்று வாசகர் முன்கூட்டியே பதறத் தொடங்கிவிடுகிறார். கதைக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்திருக்கலாம்.

அந்த மூச்சு 'கசகறண'த்தில் இருக்கிறது. 2011 இல் வெளிவந்த இந்நாவல் அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாகக் கொண்டது. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து மரக்கறியும் மீனும் விற்று, கைமாற்றுக் கொடுத்து வாங்கி, ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசி, அடுத்த நாழிகை வெற்றிலைத் தட்டைப் பகிர்ந்துகொண்ட ஒரு சந்தை எப்படி இரண்டாகப் பிளந்தது என்பதே கதை. இந்தப் பிளவை மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எங்கள் இரு மாவட்டங்களிலும் நாற்பது வயதைக் கடந்த எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் கண்டிருக்கிறோம். அதனால் நாவலின் அரசியலைவிட அதன் வியாபாரமே எனக்குப் பெரிதாகப்பட்டது. விலை பேசுதல், மீதிச் சாமானை மலிவாகத் தள்ளுதல், பக்கத்துக் கடைக்காரி இல்லாத நேரம் அவளுடைய சாமானையும் சேர்த்து விற்றுக் காசை முந்தானையில் தனியே முடிந்து வைத்தல் போன்ற சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் ஒரு சந்தையின் நம்பிக்கை இருக்கிறது. துவக்குகள் வருவதற்கு முன் அந்த ஏற்பாடுகள் தளர்வதை உணர்த்தும் பக்கங்களை நான் இருமுறை வாசித்தேன். பேச்சுமொழி வெளியூர் வாசகருக்குச் சற்றுச் சிரமம் கொடுக்கக்கூடும். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்குக் கொடுத்தபோது, அவர் இருபது பக்கம் கழிந்த பின்னரே காது திறந்தது என்றார். எங்கள் பக்கத்தவர்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. வாய்விட்டு வாசித்தால் வீட்டில் பெரியவர்களும் வந்து அமர்ந்து விடுவார்கள். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியுமென்றால் 'கசகறண'த்தை வாங்குங்கள்.

நீலாவணனின் 'வேளாண்மை'யை மேலேயுள்ள நாவல்களோடு வைத்து அளப்பது நியாயமில்லை, அது செய்யுளில் அமைந்த காவியம். பெரியநீலாவணையைச் சேர்ந்த இக்கவிஞர் 1975 இல் காலமான பின்னர், 1982 இல் அது நூலாக வெளிவந்தது. எங்கள் பகுதியில் வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெற்பயிரையே சொல்லி விடுவோம். அந்தப் பயிரையும் அதைச் சுற்றிச் சுழலும் குடும்ப வாழ்வையும் போடியார் என்னும் நிலக்காரர் வீட்டு முற்றத்திலிருந்தும் வயல் வரம்பிலிருந்தும் ஒருசேரப் பார்த்துப் பாடியிருக்கிறார் நீலாவணன். வீட்டில் பேசும் சொல்லை அப்படியே எடுத்து ஓசை குலையாமல் செய்யுளில் வைக்கும் கை அவருக்கு வாய்த்திருக்கிறது. மௌனமாக வாசித்தால் இந்நூலின் பாதிதான் கிடைக்கும். நாலு பேர் நடுவே உரக்க வாசிக்க வேண்டும்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு. மாடு பிணைத்துச் சூடு (அறுத்துக் குவித்த கதிர்) அடித்த காலத்து வயலை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்ட நூல் இது. இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் வெட்டு, அடிப்பு, தூற்றல் அனைத்தும் ஒரே ஓட்டத்தில் முடிந்து, நெல் மூட்டையாகவே வரம்புக்கு வருகிறது. சூடு அடிக்கும் களமும் அங்கே குவியும் நெல்லான பொலியும் என் பிள்ளைகளுக்கு வெறும் சொற்கள். அருஞ்சொல் விளக்கத்தோடும், அந்தக் காலத்து வயற்கருவிகளின் படங்களோடும் ஒரு மறுபதிப்பு வந்தால், நூல் இன்னொரு தலைமுறைக்கு எட்டும். கடைகளில் இந்நூலைத் தேடிக் களைத்தவர்களுக்கு ஒரு வழி உண்டு: 2005 முதல் இயங்கிவரும் இணைய எண்ணிம நூலகமான 'நூலகம்', ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் இலவசமாக வைத்திருக்கிறது. கைபேசியின் சின்னத் திரையில் வருடப்பட்ட பக்கங்களை வாசிப்பது கண்ணுக்கு நல்லதல்ல. தேவையான பக்கங்களை அச்செடுத்து வாசிப்பதே என் வழக்கம்.

வயலைப் பற்றிய இந்தப் பேச்சில், பெயர் சொல்லாமல் ஒரு நாவலையும் குறிப்பிட்டாக வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில் கதை நடப்பதாகச் சொல்லும் அந்நாவலில் ஆவணி மாதத்தில் மாரி வெள்ளம் வயலை மூடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி மார்கழி, தையில் வெள்ளமாகி, மாரிகாலப் பயிரான பெரும்போகத்தை ஆட்டிப் படைப்பதையும், ஆவணியில் கச்சான் என்னும் மேல்காற்று அடித்து நிலம் வெடித்துக் கிடப்பதையும் இங்குள்ள எந்தப் பள்ளிச் சிறுவனிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அந்த வெள்ளத்தில் கதாநாயகி நீந்திக் கரை சேர்ந்தாள்; நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்து, சென்னை க்ரியா 2013 இல் வெளியிட்ட 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' கிழக்கிலங்கைக் கிராமியக் காதல் கவிகளின் தொகுப்பு. நாலு நாலு வரியாக அமைந்த இக்கவிகளைப் பாடியவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. பயிருக்குக் காவலிருக்கப் போனவனுக்கும் ஊரில் இருப்பவளுக்கும் இடையே உள்ள தூரத்தை இவ்வளவு குறைந்த சொற்களில் எந்த நவீன கவிஞர் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே இரவில் முழுவதையும் வாசித்தால் திகட்டும். நாளுக்கு இரண்டு பக்கம் போதும். இதே கவிகளின் உறவுக் கூட்டத்தை வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற 1964 ஆம் ஆண்டு நூலிலும் காணலாம். நாட்டார் பாடல், கூத்து, கண்ணகி வழிபாடு, வடசேரி தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்பு கொளுவி இழுக்கும் விளையாட்டு என எங்கள் நாட்டின் உடைமைகளை எல்லாம் ஒருவர் தனியாக நடந்து திரிந்து சேர்த்து வைத்தது போன்ற நூல் அது. தொடர்ச்சியாக வாசிப்பதற்குரியதல்ல. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு முந்திய கிழமை அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்து வாசித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால், கண்ணுக்கு முன் நடப்பது வேறு விதமாகத் தெரியும். மண்மீது கொண்ட பெருமிதத்தால் ஆசிரியரின் நடை சில இடங்களில் மேடையேறி விடுகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இனித் தூரத்துப் புத்தகங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1970களின் சென்னையில் குடிநீர்ப் பஞ்சத்தோடு மல்லாடும் பெண்களின் கதை. சினிமாவில் சின்ன வேடங்களுக்காக அலையும் ஜமுனா, அவளுடைய தங்கை சாயா, பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா ஆகிய மூவரும்தான் முக்கியமானவர்கள். கிணறு வெட்டினால் சில முழத்தில் நீர் ஊறும் மணற்பாங்கான ஊரில் பிறந்த எனக்கு, குழாயடியில் குடத்தோடு நிற்பதுதான் ஒரு நாளின் முதன்மைத் தொழில் என்பது புதிதாக இருந்தது. அதை ஆசிரியர் எழுதியிருக்கும் முறையில் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. குழாய் பழுதானது, தெரு தோண்டப்பட்டது, வந்த நீரில் சாக்கடை கலந்திருந்தது என்று ஒரு அலுவலக அறிக்கையின் அமைதியோடு சொல்லிக்கொண்டே போகிறார். அந்த அமைதிக்குள் மூன்று பெண்களின் வாழ்க்கை இறுகுவதும் சற்றே தளர்வதும் நமக்குத் தெரிகிறது. டீச்சரம்மா தன் கலியாணத்தைப் பற்றி ஜமுனாவிடம் பேசும் பகுதிக்காகவே இந்நூலை வாங்கலாம். நூற்றுச் சொச்சம் பக்கம்தான். நான் இதுவரை வாசித்த தமிழ் நாவல்களில், ஒரு வரியைக்கூட எடுத்துவிட முடியாது என்று தோன்றியவை இரண்டோ மூன்றோ; அவற்றில் இது ஒன்று.

என் அளவுகோல் தோற்றுப்போகும் இடம் 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய இந்த ஐந்து பாகக் கதையில் சோழநாட்டின் நெல்வயல்கள் வர்ணனைக்கு மட்டுமே பயன்படுகின்றன. உழுகிறவனுக்கும் அறுக்கிறவளுக்கும் சதியில் பங்கில்லை. குதிரையில் வருவோரும் சுரங்கத்தில் ஒளிந்திருப்போரும் பல்லக்கில் செல்வோருமே கதையை நடத்துகிறார்கள். அப்படியிருந்தும் என்னால் வைக்க முடியவில்லை. ஓர் அத்தியாயத்தின் கடைசி வரியில் யாராவது ஒருவர் இருளிலிருந்து கையை நீட்டுவார், அந்தக் கை யாருடையது என்று அறிய இன்னும் இரண்டு அத்தியாயம் வாசிக்க வேண்டியிருக்கும். 2022 இல் திரைப்படம் வந்த பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைக் கையிலெடுத்தார்கள். அவர்களுக்கு நான் சொன்னது, கதை இலங்கைக்கு வரும் இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றை நிதானமாக வாசிக்க வேண்டும் என்பதே. கோடிக்கரையிலிருந்து தனியே படகு செலுத்திவரும் பூங்குழலி, இந்த ஐந்து பாகத்திலும் தன் கையால் ஒரு தொழிலைச் செய்யத் தெரிந்த மிகச் சிலரில் ஒருத்தி. அவள் வரும் பக்கங்களில் கல்கியின் நடையும் ஒரு படி உயர்ந்து விடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஐந்தாம் பாகத்தை அவர் இழுத்துவிட்டார் என்பதும் என் அபிப்பிராயமே. இதைச் சொன்னதற்காக என் மருமகள் என்னோடு அரை நாள் பேசவில்லை.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதென்றால் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல்தூவ'வின் தமிழாக்கத்தையே முதலில் பரிந்துரைப்பேன். 1947 இல் சிங்களத்தில் வெளிவந்த இக்கதையில் உபாலி, ஜின்னா என்ற இரு குழப்படிகாரப் பையன்கள் வீட்டை விட்டு ஓடி, தென்னிலங்கை வாவி ஒன்றிலுள்ள ஆளில்லாத தீவில் காடு வெட்டித் தோட்டம் செய்கிறார்கள். சாகசக் கதை என்று தொடங்கி, பாதி வழியில் அது விவசாயக் கதையாக மாறிவிடுவதுதான் இதன் அழகு. வாவியையும் கண்டல் மரங்களையும் தினமும் பார்த்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தீவைக் கற்பனை செய்வதற்குப் படமே தேவையில்லை.

சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' சோவியத் பதிப்பகங்கள் மலிவு விலையில் அள்ளிக் கொடுத்த காலத்துப் புத்தகம். பழைய புத்தகக் கடைகளிலும் சில வீட்டு அலுமாரிகளிலும் இன்னும் இருக்கிறது. கிர்கீசியக் கிராமம் ஒன்றில் 1920களில் துய்ஷேன் என்ற இளைஞன் குன்றின்மேல் கிடந்த பாழடைந்த குதிரை லாயத்தைக் கூட்டிப் பெருக்கிப் பள்ளிக்கூடமாக்குகிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். குளிரில் உறையும் ஓடையைக் கடப்பதற்குப் பிள்ளைகளை முதுகிலும் கையிலும் தூக்கிச் செல்கிறான். அவனிடம் கற்ற அநாதைச் சிறுமி அல்தினாய் பிற்காலத்தில் பேரறிஞராகி, ஊரில் புதுப் பள்ளித் திறப்பு விழாவுக்கு விருந்தினராக வருகிறாள். அதே நேரத்தில் கிழவனாகிவிட்ட துய்ஷேன் ஊருக்குள் தபால் கொண்டு திரிகிறான். தொழில் தெரியாத ஒருவனே அந்தத் தொழிலின் மிகச் சிறந்த ஆளாகவும் இருக்க முடியும் என்று காட்டுவதால், என் அளவுகோலுக்கு இந்தச் சின்னப் புத்தகம் கொடுத்த அடி கல்கி கொடுத்ததைவிடப் பலமானது. எங்கள் பக்கத்துப் பின்தங்கிய கிராமங்களில் தொண்டர் ஆசிரியர்களாக மரநிழலில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களை அறிந்த எவரும் இதைக் கண் கலங்காமல் வாசிக்க மாட்டார்கள்.

வெற்றி பெறுவது எப்படி என்று கற்பிக்கும் மொழிபெயர்ப்பு நூல்களில் இரண்டைப் பிறர் பரிசளித்ததால் வாசித்தேன். இரண்டும் ஒரே புத்தகம். அட்டை நிறம் மட்டும் வேறு. சமையற் புத்தகம் ஒன்றும் வாசித்தேன். அதை எழுதியவர் பாற்சொதிக்கு முதற்பாலை எப்போது விட வேண்டும் என்று சொல்லாமல், தேங்காய்ப்பாலை மொத்தமாகக் கொதிக்க விடச் சொல்கிறார். அதன்படி செய்தால் சொதி திரைந்துவிடும் என்பதை வீட்டில் ஒருவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது.

புத்தகத்தை ஒரு பொருளாகவும் பார்த்தாக வேண்டும், ஏனெனில் அதற்கு நாம் கொடுக்கும் விலை இப்போது அப்படி. 2022 இல் ஒரு டொலர் சில கிழமைகளுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களின் விலையும் கூடவே ஏறியது. அட்டையிலுள்ள இந்திய விலையை நான்கால் பெருக்கினாலும் கடைக்காரர் கேட்கும் தொகை வராது. அதே ஆண்டில் காகிதத் தட்டுப்பாட்டால் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தடைப்பட்ட நாட்டில், உள்ளூர்ப் பதிப்புகளும் மலிவாக இருக்க முடியாது என்பது விளங்குகிறது. விளங்காதது கட்டு வேலை. பசை மட்டும் பூசி ஒட்டிய நூல்கள் எங்கள் சித்திரை வெக்கையில் முதுகு வெடித்து, மார்கழி ஈரத்தில் பக்கம் பக்கமாகக் கழன்று விடுகின்றன. ஒரு பதிப்பகத்தின் தடித்த நாவல் ஒன்றை நான் இப்போது கயிறு கட்டிய துணிப் பையில் வைத்துத்தான் வாசிக்கிறேன். வாங்கும் முன் புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் மடித்துத் தைத்த கட்டுகளாகத் தெரிந்தால், விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம். சோவியத் புத்தகங்கள் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் குலையாமல் இருப்பதற்குத் தையலே காரணம். வீட்டில் வேப்பிலை வைப்பதும், மாரி கழிந்து தை வெயிலில் அலுமாரியைத் திறந்து விடுவதும் இராமபாணப் பூச்சிக்கு எதிராக நான் கண்ட எளிய வழிகள்.

எங்கள் வீட்டில் அதிகம் புரட்டப்படும் அச்சுப் பிரதி இவற்றில் எதுவுமல்ல, பஞ்சாங்கம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு கணிப்பு முறைகளுக்கும் இரண்டு பஞ்சாங்கங்கள் ஆண்டுதோறும் வீட்டுக்கு வருகின்றன. வருடப்பிறப்பு நேரம் இரண்டிலும் ஒத்துப்போவது அபூர்வம். வருடப்பிறப்பன்று தலையில் மருத்துநீர் என்னும் மூலிகை நீர் வைப்பதற்கு எதைப் பின்பற்றுவது என்ற விவாதம் பங்குனி முடிவில் தொடங்கி விடும். எழுத்து மிகப் பொடியாக இருப்பதால் வாசிப்பதற்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர இந்தப் பண்டத்தின்மீது எனக்குக் குறையில்லை. சொன்ன வேலையைச் செய்கிறது.

கடைசியாக, நான் பாதியில் நிற்கும் ஒரு நூல். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். எங்கள் மாவட்டங்களில் அவருடைய பெயரை அறியாதவர் இல்லை, சிலையைக் காணாதவர் இல்லை, ஆனால் இந்நூலைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்று நான் சந்தேகிக்கிறேன். பண்டைத் தமிழரின் யாழ்களைப் பற்றிய நூல் என்பதைக் கேட்டு இசைப் புகழ்ச்சியை எதிர்பார்த்துத் திறந்தால், எதிரே நிற்பது கணிதம். விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒருவர் சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை எடுத்து, நரம்புகளின் அளவையும் சுருதிகளின் விகிதத்தையும் பின்னம் பின்னமாகக் கணக்கிட்டு, அழிந்துபோன கருவி ஒன்றைத் தாளிலே திரும்பச் செய்து காட்டுகிறார். இசை நரம்பியலிலும் பாலைத் திரிபியலிலும் நான் தொலைந்து போனேன் என்பதை மறைக்கவில்லை. அவை சங்கீதம் கற்றவர்களுக்குரியவை. ஆனால் வில்யாழ், பேரியாழ், மகரயாழ் முதலியவற்றின் வடிவையும் அங்கங்களையும் விவரிக்கும் யாழ் உறுப்பியல் எவரும் வாசிக்கக்கூடியது. பத்தர் எது, கோடு எது, நரம்பு எங்கே கட்டப்படும் என்று ஒரு தச்சரிடம் சொல்வது போலச் சொல்லிச் செல்கிறார். முழு நூலையும் வாங்குவது பலருக்குக் கட்டாது. பொது நூலகங்களில் உசாத்துணைப் பகுதியில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்கி, யாழ் உறுப்பியலை மட்டும், கையில் ஒரு பென்சிலும் படம் கீறிப் பார்க்க ஒரு தாளும் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.